பம்பை மேலிருந்து தூக்க முடியாத கட்டடத்துக்கு இசைவாணை தர வேண்டாம்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கு,



பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பானாலும் ஐ.டி. வளாகமானாலும், அதன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓட உங்கள் வாரியத்தின் இசைவாணை வேண்டும். 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் தந்த அதிகாரம் அது. வெளியேறும் நீரில் பி.ஓ.டி. (உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை) எவ்வளவு இருக்கலாம், மிதக்கும் திண்மங்கள் எவ்வளவு இருக்கலாம் என்று இசைவாணையில் விவரமாக எழுதியிருக்கிறது. அந்த நிலையத்தை ஓட்டுகிறவர் தொட்டிக்குள் இறங்காமலே வேலை பார்க்க வழியிருக்கிறதா என்ற கேள்வியை, நான் பார்த்த எந்த இசைவாணையிலும் காணவில்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன்.

கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் நான். அடித்தளத்தில் கார்கள் நிற்கும் இடத்துக்குக் கீழேதான் பெரும்பாலும் கலெக்‌ஷன் டேங்க் இருக்கும். கழிப்பறையில் போடக்கூடாத நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான் எல்லாம் அங்கே வந்து சேர்ந்து பம்பை அடைத்துக்கொள்ளும். தொட்டி நிறைந்து பார்க்கிங்கில் வழியத் தொடங்கியதும் போன்மேல் போன் வரும். இரவு ஷிப்டில் ஆபரேட்டர் தனி ஆள். பம்போ உள்ளேயே குழாயோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். கழற்ற வேண்டுமானால் யாராவது கீழே போக வேண்டும். செக்யூரிட்டியை மூடிக்கு அருகே நிற்கவைத்துவிட்டு ஆபரேட்டர் ஏணியைத் தேடுவார்.

அடியில் தங்கிய சகதியை மிதித்துக் கலக்கும்போதுதான் அதில் அடைந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. காற்றைவிடக் கனமான வாயு அது. தாழ்ந்த இடத்திலேயே தேங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை ஒட்டிப் போனால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. "நாத்தம் கொறஞ்சிடுச்சு, இப்ப எறங்கலாம்" என்று சொல்கிற நேரம்தான் உயிர் போகிற நேரம். 500-ஐத் தாண்டிப் போகப் போக, சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார். விஷவாயுச் செய்திகளில் இரண்டு, மூன்று பேர் சேர்ந்தே சாவது இதனால்தான். முகத்தில் கட்டிய துண்டும் தூசி மாஸ்க்கும் எந்த வாயுவையும் தடுக்காது. மெழுகுவத்தி ஏற்றி இறக்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உள்ளே மீத்தேன் இருந்தால் தொட்டியே வெடிக்கக்கூடும்.

சட்டம் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. முதல்முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு இழப்பீடாக 2014-இல் 10 லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் இவை பெரும்பாலும் ஆள் செத்த பிறகு பேசப்படுபவை. "உள்ளே இறங்கக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, இறங்காமல் எடுக்க முடியாத பம்பை அப்படியே விட்டுவைத்தால் அந்த வரி யாரைக் காப்பாற்றும்? குடியிருப்போர் சங்கம் பராமரிப்பு நிறுவனத்தைக் கைகாட்டும், நிறுவனம் துணைக் காண்டிராக்டரைக் கைகாட்டும். "என் சொந்தப் பொறுப்பில் வேலை செய்கிறேன்" என்று தொழிலாளியிடமே எழுதி வாங்கிய தாளை நானே பார்த்திருக்கிறேன்.

வழி ஒன்றும் புதிதல்ல. தொட்டியில் வழிகாட்டிக் கம்பிகளும், பம்ப் இறங்கியதும் தானே குழாயோடு பொருந்திக்கொள்ளும் இணைப்பும் இருந்தால், மேலே நின்றபடி சங்கிலியால் பம்பைத் தூக்கிவிடலாம். தொட்டிக்கு முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் சல்லடை இருந்தால் அடைப்பே குறையும். ஒரு பம்ப் நின்றால் ஓட மாற்றுப் பம்ப் ஒன்று வேண்டும். மாட்டிக்கொள்ளும் கவசங்களைவிட இந்த அமைப்புகளைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் கவசம் பீரோவிலேயே கிடக்கும். பேட்டரி தீர்ந்து, அளவீடு சரிபார்க்கும் தேதியும் கடந்துபோன வாயு அளவிடும் கருவிகளை எத்தனையோ மேனேஜர் அறைகளில் பார்த்தாயிற்று.

இவை எல்லாம் இருந்தாலும், தொட்டியில் விரிசல் விட்டாலோ, காற்றூட்டும் தொட்டியில் டிஃப்யூசர் மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரும்பாலும் ஆள் இறங்காமல் முடியாது. அப்போது தொட்டியைக் காலி செய்து, காற்று செலுத்தி, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை, ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் ஆபத்தான அளவில் இல்லை என்று கருவியில் பார்த்த பிறகே இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் வரை கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முழு உடல் பாதுகாப்புப் பட்டையும், மேலிருந்தே இழுத்துத் தூக்கும் முக்காலியும், எக்காரணம் கொண்டும் உள்ளே குதிக்காத ஒருவர் வெளியிலும் வேண்டும். அனுமதிச் சீட்டில் காண்டிராக்டரின் சூப்பர்வைசர் அல்ல, கட்டடத்தின் மேலாளரே பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

தொழிலாளர் பாதுகாப்பு வேறு துறையின் வேலை என்று உங்கள் அலுவலகத்தில் சொல்லக்கூடும். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் கண் முக்கியமாகத் தொழிற்சாலைகள் மீது. அடுக்குமாடிக் குடியிருப்பு தொழிற்சாலை அல்ல. அந்தத் தொட்டியின் மூடி வரை வருகிற அரசு அலுவலர் உங்கள் வாரியத்தைச் சேர்ந்தவர்தான்.

அடுத்த புதுப்பித்தலின்போது அவர் நீர் மாதிரி எடுத்து முடித்ததும், "பம்பை வெளியே எடுத்துக் காட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். மேலே நின்று சங்கிலியால் எடுத்தால் இசைவாணை கொடுங்கள். ஏணியைக் கொண்டுவந்தால், அங்கேயே தடுத்து, பம்ப் அமைப்பை மாற்றும்வரை இசைவாணையை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
சென்னை