120 நாள் அவகாசத்துக்குப் பிறகு

விண்டோஸ் சர்வரில், பராமரிப்பு வேலைக்காக மட்டும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் ரிமோட் டெஸ்க்டாப் வழியே தொலைவிலிருந்து நுழையலாம். பத்து ஊழியர்கள் அதே சர்வரில் கணக்கு எழுத வேண்டுமென்றால் ஆளுக்கு ஒன்று அல்லது கருவிக்கு ஒன்று என்று ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் அவகாசம் 120 நாள்.

குறுக்குவழி தேடுவது அதன் பிறகுதான். ரிஜிஸ்ட்ரியில் உள்ள அவகாசக் கணக்கை அழிக்கிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப் சேவையின் டெர்ம்சர்வ் கோப்பைத் திருத்துகிறார்கள். சாதாரண விண்டோஸ் 10 கணினியில் 'ஆர்டிபி ராப்பர்' என்ற மென்பொருளைப் போட்டு அதையே சர்வராக்குகிறார்கள். பதிப்புரிமையை மீறும் நோக்கில் தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு.

சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து அப்டேட்டில் இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் வந்தால் திருத்திய கோப்பு மாறிவிடலாம், ராப்பரும் படுத்துவிடலாம். மறுநாள் காலை ஊழியர்கள் உள்ளே நுழைய முடியாமல் போகலாம். அதனால் அமைத்துக் கொடுத்தவர் அப்டேட்டையே நிறுத்திவிடுகிறார். ஆன்டிவைரஸ் எச்சரித்தால் அதற்கும் விலக்கு.

அப்டேட் நின்றால் என்ன ஆகும்? 2019 மே 14 அன்று மைக்ரோசாஃப்ட் 'புளூகீப்' ஓட்டைக்கான திருத்தத்தை வெளியிட்டது. ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் இருந்த அந்த ஓட்டை வழியே கடவுச்சொல் இல்லாமலே நுழையலாம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே பரவும் வைரஸையும் எழுதலாம். ஆதரவு முடிந்து ஐந்தாண்டு ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் திருத்தம் தரும் அளவுக்கு அந்நிறுவனம் பயந்தது. ஜூனில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையும் எச்சரித்தது. ஆகஸ்டில் விண்டோஸ் 10-இலும் அதே ரக ஓட்டைகள் தெரியவந்தன. நவம்பரில், மே மாதத் திருத்தத்தைப் போடாத கணினிகளுக்குள் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருளைத் தாக்குபவர்கள் நிறுவுவது தெரியவந்தது. அப்டேட்டை நிறுத்தியவர்கள் தாமாகவே அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்கள்.

சிறு நிறுவனங்களுக்கு உரிமத்தின் விலை சுமைதான். ஆனால் பறிபோகக்கூடியது வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் ஊழியர்களின் சம்பள விவரமும். அவர்கள் யாரும் இந்தச் சிக்கனத்துக்குச் சம்மதம் தரவில்லை. பல முதலாளிகளுக்குத் தங்கள் சர்வர் எப்படி ஓடுகிறது என்பதே தெரியாது. அமைத்துத் தந்தவரிடம் ரிமோட் டெஸ்க்டாப் உரிமத்தின் பில்லையும், கடைசியாக அப்டேட் போட்ட தேதியையும் அவர்கள் இந்த வாரமே கேட்க வேண்டும். பில் இல்லையென்றால் உரிமம் வாங்கும்வரை பராமரிப்பைத் தவிர வேறு வேலைக்கு யாரும் தொலைவிலிருந்து நுழைவதை நிறுத்தி, நின்றுபோன அப்டேட்டுகளை முதலில் போட வேண்டும்.