எட்டு கிலோ என்று எழுதிவைத்தவர்கள்

தெற்கு பிரான்சின் கடராஷ் அணு ஆய்வு மையத்தில் புளூட்டோனிய எரிபொருள் தயாரித்துவந்த தொழிற்கூடம் ஒன்று 2003இல் வணிக உற்பத்தியை நிறுத்தியது. பிறகு அதைப் பிரித்தகற்றும் வேலை தொடங்கியது. 2009 அக்டோபரில் ஒரு கணக்கு வெளியே வந்தது. கையுறைப் பெட்டிகளுக்குள் படிந்துபோன புளூட்டோனியத் தூள் ஏறத்தாழ 8 கிலோ என்று உற்பத்திக் காலத்தில் மதிப்பிட்டிருந்தார்கள். ஆனால் அதுவரை வழித்தெடுத்ததே 22 கிலோ. மொத்தம் 39 கிலோ வரை இருக்கலாம் என்று மையத்தை நடத்தும் பிரெஞ்சு அணுசக்தி ஆணையமே மதிப்பிட்டது.

ஊழியர்களுக்கும் சுற்றுப்புறத்துக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்று அப்போது சொல்லப்பட்டது. அது உண்மைதான். அந்த உண்மையின் பின்னால் ஒளிந்துகொள்வதையே நாம் மறுக்கிறோம்.

புளூட்டோனியம் மற்ற கழிவுகளைப் போன்றதன்று. போதிய அளவு ஓரிடத்தில் சேர்ந்தால், அதிலும் தண்ணீர் உடனிருந்தால், தொடர்வினை தானாகவே மூண்டுவிடும். ஒரு பெட்டியில் எவ்வளவு தூள் இருக்கலாம், ஒரு கலத்தில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதெல்லாம் முன்கூட்டிய மதிப்பீட்டை நம்பியே தீர்மானிக்கப்படுகின்றன. மதிப்பீடு ஐந்தில் ஒரு பங்காக இருந்தால் பாதுகாப்பு இடைவெளி எங்கே? கண்காணிப்பு அமைப்பும் இதைத்தான் சொன்னது. வேலையை நிறுத்தியது, சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் இரண்டாம் படியில் வைத்தது. விஷயம் ஜூன் மாதமே தெரிந்திருந்தும் அக்டோபர் 6 அன்றுதான் அறிவித்தார்கள் என்பதையும் அது குறிப்பிட்டது. அந்த நான்கு மாத மௌனத்தை எந்த அளவுகோலில் வைப்பது?

அளப்பது எளிதன்று என்பது நமக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து தராசில் வைக்க முடியாது. வெளியே உணர்கருவியை நிறுத்தி, உள்ளிருந்து வரும் காமா கதிர்களையும் நியூட்ரான்களையும் எண்ண வேண்டும். தூள் மெல்லிய படலமாக இருந்தால் காமா வெளியேறிவிடும். தடித்துப் படிந்திருந்தால் மேலடுக்கே கீழடுக்கின் கதிரை விழுங்கிவிடும்; எஃகு இயந்திரத்தின் பின்னால் ஒதுங்கிய தூளோ கருவியின் கண்ணுக்கே படாது. நியூட்ரான்கள் எளிதாக ஊடுருவும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி புளூட்டோனியம் 240 என்ற ஐசோடோப்பிலிருந்து வருவதால், அதன் விகிதம் தெரியாமல் மொத்த எடையைச் சொல்ல இயலாது. தூள் எங்கே, எப்படிப் பரவியிருக்கிறது என்ற ஊகத்தைப் பொறுத்து ஒரே எண்ணிக்கை வேறு வேறு கிலோக்களாகும்.

செல்லரித்த ஏட்டை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியர்கூட அங்கே அடைப்புக்குறி இடுகிறார். இங்கே ஊகம் மூலபாடமாகவே அச்சேறியது. பிழைவரம்பு இல்லாத எண்ணை அளவு என்று ஏற்கக் கூடாது. முதல் திருகாணியைக் கழற்றுமுன் வேறொரு குழு, வேறொரு முறையில் அளந்து பார்க்க வேண்டும். இது அதிகப்படியான கோரிக்கையா?

முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. ஜப்பானின் டோக்காய் எரிபொருள் ஆலையில், கையுறைப் பெட்டிகளில் சுமார் 70 கிலோ புளூட்டோனியம் தங்கியிருப்பது 1994இல் வெளியுலகுக்குத் தெரிந்து பெரும் சர்ச்சையானது. பெட்டிகளைத் துப்புரவாக்கி அதை 10 கிலோவுக்குக் கீழே கொண்டுவர இரண்டாண்டுகள் ஆயின. சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கில், ஓர் அணுகுண்டு உருவாகும் சாத்தியத்தை விலக்க முடியாத அளவு 8 கிலோ. கடராஷின் ஏட்டுக்கும் பெட்டிக்கும் இடையிலான வேறுபாடு 31 கிலோவாக இருக்கக்கூடும் என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

துல்லியமாக அளக்கப் போனால் ஊழியர்கள் கூடுதல் கதிர்வீச்சுக்கு ஆளாவார்கள் என்பார்கள். நியாயமான கவலை. அப்படியானால் ஊகத்தின் மேல் எல்லையை வைத்தே வேலையைத் திட்டமிடுங்கள். செலவும் நாட்களும் கூடும். கையுறைக்குள் கைவிடுகிறவரிடம் மட்டும் 8 என்று சொல்லாதீர்கள்.