வீடு திரும்பியவர் வீணாய்ப் போனவரா?

மாமாக் கடையில் காற்பந்து பேசும் எந்தக் கூட்டத்திலும் ஒரு கட்டத்தில் அந்தப் பட்டியல் வந்துவிடும்: திறமையை வீணடித்த ஆட்டக்காரர்கள். அதில் முதல் பெயர் பெரும்பாலும் பிரேசிலின் அட்ரியானோ. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். விடுதித் தொலைக்காட்சியில் அதிகாலை 2.45க்கு இத்தாலிய ஆட்டம் பார்த்துவிட்டு, காலை விரிவுரையில் தூங்கி வழிந்த காலத்திலிருந்தே அவர் என் நாயகர். அதனால் வந்த கோபம் அது. இப்போது அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

ரியோ டி ஜெனிரோவின் வட பகுதியில் விலா குரூசெய்ரோ என்ற ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். ஃபிளமெங்கோ குழுவில் தொடங்கி, 2001-இல் தமது 19ஆம் வயதில் இண்டர் மிலானுக்குப் போனார். அந்த ஆகஸ்டிலேயே ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஃப்ரீகிக்கில் அவர் அடித்த பந்தைப் பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி வேறு அறிமுகம் தேவைப்படவில்லை. பிறகு ஃபியொரெண்டினா, பார்மா என்று இரவலாகவும் விலைக்கும் சுற்றி, 2004 ஜனவரியில் மீண்டும் இண்டர். இத்தாலியர்கள் அவரைச் ‘சக்கரவர்த்தி’ என்றார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் லீமாவில் கோப்பா அமெரிக்கா இறுதியாட்டம். அர்ஜென்டினா 2-1 என முன்னணி. அர்ஜென்டினாக்காரர்கள் கொண்டாடத் தயாராகிவிட்டார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில், கூடுதல் நிமிடங்களில், பந்தை மேலே தட்டித் திரும்பி இடக்காலால் அடித்தார் அட்ரியானோ. 2-2. பினால்டியில் பிரேசிலுக்குக் கிண்ணம். ஏழு கோல்களுடன் போட்டியின் அதிகக் கோல் அடித்தவரும் அவரே.

சில நாள்களில், ஆகஸ்டு தொடக்கத்தில், அவருடைய தந்தை அல்மிர் மாரடைப்பால் இறந்தார். மகனுக்குப் பத்து வயதாக இருந்தபோது தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்த மனிதர் அவர். இத்தாலியில் இருந்த மகனுக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. தொலைபேசியை வீசியெறிந்து அவர் அலறிய அலறலைப் பற்றி அணித்தலைவர் ஜனெட்டி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகும் அட்ரியானோ கோல் அடித்தார். 2005 கான்ஃபெடரேஷன்ஸ் கிண்ண இறுதியாட்டத்தில் அதே அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு. அதனால்தானோ என்னவோ, உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களைப் போன்ற ரசிகர்கள் கேட்கவேயில்லை. குடி கூடியது, ஆட்டம் குறைந்தது. இண்டர் அவரைக் கைவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2008-இல் சாவோ பாலோவுக்கு இரவலாக அனுப்பி, ஊர்க்காற்றைச் சுவாசிக்க விட்டது. 2009 ஏப்ரலில், தேசிய அணிக்காக பிரேசில் போனவர் மிலான் திரும்பவில்லை. விளையாட்டில் மகிழ்ச்சி போய்விட்டது என்றார். அப்போது வயது 27.

‘வீணாய்ப் போனார்’ என்ற கதை இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் அதே ஆண்டு அவர் ஃபிளமெங்கோவுக்கு ஆடினார். 19 கோல்கள் அடித்து, லீக்கின் அதிகக் கோல் அடித்த இருவரில் ஒருவரானார். 17 ஆண்டுகளாக எட்டாதிருந்த பிரேசில் லீக் பட்டம் அந்த டிசம்பரில் ஃபிளமெங்கோவுக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் நடந்திருந்தால் இதை ‘மாபெரும் மீட்சி’ என்று எழுதியிருப்பார்கள். ரியோவில் நடந்ததால் நம் கணக்கில் ஏறவில்லை. 2010-இல் ரோமாவுக்குப் போய் லீக்கில் ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பியது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. 2011-இல் கொரிந்தியன்ஸுக்காக அட்லெட்டிகோ மினெய்ரோவுக்கு எதிராக அவர் அடித்த வெற்றிக் கோல், இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வென்ற பட்டத்தில் எவ்வளவு பெரியது என்பது ஞாபகம் இல்லை.

குடியை நியாயப்படுத்துகிறாயா என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. குடித்ததை அவரே மறைத்ததில்லை, அதனால் கெட்டதையும் மறைத்ததில்லை. உடல் பருத்து, பயிற்சிக்கு வராமல், 2010 உலகக் கிண்ண அணியில் இடம் இழந்ததும் உண்மைதான். நான் மறுப்பது ஒன்றைத்தான்: வெளிநாட்டில் தங்குவது வெற்றி, ஊருக்குத் திரும்புவது தோல்வி என்று அளக்கும் அந்தக் கோலை.

இதை எனக்கு உணர்த்தியது காற்பந்து அல்ல. இரண்டாம் ஆண்டில் என் அறைத்தோழனின் அப்பா திடீரென்று தவறிவிட்டார். ஒரு பருவம் தள்ளிவைத்துவிட்டு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அப்பாவின் லாரியை ஓட்டத் தொடங்கினான். “நல்ல மூளைடா, வீணாக்கிட்டான்” என்று விடுதியில் பேசிக்கொண்டோம். முதலில் சொன்னவன் நான்தான். அவனுக்குப் போன் போட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர் எங்களில் ஒருவரும் இல்லை.

2024 டிசம்பரில் மரக்கானா அரங்கில் அட்ரியானோவின் பிரியாவிடை ஆட்டம் நடந்தது. மறுநாள் அதன் காணொளியை அறைத்தோழனுக்கு அனுப்பினேன். தம்பி, தங்கை இருவரையும் படிக்க வைத்துவிட்டு, இப்போது மூன்று லாரி வைத்திருக்கிறான். “இவரப் போய் நீ அன்னிக்கு என்னென்ன திட்டின!” என்று பதில் வந்தது. அட்ரியானோவை மட்டுமல்ல என்று அவனிடம் இன்னும் நான் சொல்லவில்லை.