மக்கு என்று சொல்ல யாருக்கு உரிமை?

தமிழ்ப்பள்ளிகளில் மிக எளிதாகச் செலவாகும் சொற்களுள் ‘மக்கு’ என்பது ஒன்று. நான்காம் ஆண்டுக்கு வந்த பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டிப் படித்தால் அச்சொல் உடனே பிறக்கின்றது. காரணம் யாதென்று அதற்குப்பின் எவரும் ஆராய்வதில்லை. குற்றஞ் செய்தவனைச் சிறைக்கு அனுப்பவும் சான்று கேட்கின்றது உலகம். ஒரு பிள்ளையைக் கடைசி வரிசைக்கு அனுப்ப மட்டும் சான்று எதுவும் வேண்டப்படுவதில்லை.

அந்தச் சான்றைத் தேடுவதே கல்வி உளவியலாளரின் தொழில். பிள்ளையின் செவி மந்தமா, பார்வை மங்கலா, டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடா, வீட்டில் நிகழும் துன்பமா, அன்றிக் கற்பித்த முறையே பிழையா என்று ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கது இன்னதென்று அவர் எடுத்துரைக்கிறார். 1905-இல் பிரான்சு நாட்டில் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் என்னும் இருவர் அறிவுத்திறன் அளவை ஒன்றை வகுத்தனர். தனிக் கவனிப்பு வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிந்து உதவவே அது பிறந்தது; அவர்களை முத்திரை குத்தி ஒதுக்குவதற்கன்று. 1913-இல் இலண்டன் மாநகர் மன்றம் சிரில் பர்ட் என்பவரைப் பள்ளிகளுக்கான உளவியலாளராக அமர்த்தியது. ஆகவே இத்தொழில் நேற்று முளைத்ததன்று, நூறாண்டு கடந்தது.

இத்தொழிலுக்கு ஒருவரை எவ்வாறு உருவாக்குகின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2006 முதல் இதற்கெனவே மூன்றாண்டு முனைவர் பயிற்சி நடைபெறுகின்றது. அதற்கு முன்னர், பயிற்சி பெற்ற ஆசிரியராய்ச் சில ஆண்டுகளேனும் பணியாற்றியவர்களே இத்துறைக்குள் நுழைய முடிந்தது. அவ்விதி பின்னர்த் தளர்ந்தாலும், பிள்ளைகளோடு பழகிய பட்டறிவு இன்றும் கேட்கப்படுகின்றது. அங்கே முனைவர் பட்டம் நூலகத்தில் அமர்ந்து ஆய்வேடு எழுதுவதோடு முடிவதில்லை. மாணவர் பள்ளிகளுக்குச் சென்று, மூத்த உளவியலாளரின் மேற்பார்வையில், உண்மையான பிள்ளைகளின் உண்மையான இடர்களை ஆராய வேண்டும். ஆய்வேடும் எழுத வேண்டும். 2009 முதல் ‘கல்வி உளவியலாளர்’ என்ற பெயரே அங்குச் சட்டத்தால் காக்கப்படுகின்றது. பதிவு பெறாதவர் அப்பெயரைச் சூட்டிக்கொள்ள இயலாது.

மலேசியாவின் நிலை என்ன? ஆலோசகர்களுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மருத்துவமனை சார்ந்த உளவியலாளரை 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கின்றது. பள்ளிக்கு உரிய கல்வி உளவியலாளரின் பெயர் அப்பட்டியலில் இல்லை. 2019 முதல் எப்பிள்ளையையும் புறக்கணியாக் கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்துகின்றது. நல்ல கொள்கை. ஆனால் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர மருத்துவரின் உறுதிச்சான்று வேண்டும். மருத்துவர் குறைக்குப் பெயர் சூட்டுவார். திங்கட்கிழமை காலையில் அப்பிள்ளைக்கு எந்தப் பாடத்தை எவ்வாறு தொடங்குவது என்று சொல்லுதல் அவர் தொழிலன்று. அவருக்கும் ஆசிரியருக்கும் இடையில் இருக்க வேண்டிய நாற்காலி வெறுமையாய்க் கிடக்கின்றது.

இதைச் சொன்னவுடன் மூன்று மறுப்புகள் எழும்.

முதல் மறுப்பு, “முப்பதாண்டு பட்டறிவுள்ள ஆசிரியருக்குத் தெரியாததா?” என்பது. ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியும் துணைக்கு அழைக்கப்படும். பட்டறிவு பெருஞ்செல்வம், ஐயமில்லை. ஆனால் முப்பதாண்டு ஒரே பிழையைச் செய்வதும் பட்டறிவு என்றே பெயர் பெற்றுவிடுகின்றது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கின்றது. அங்கே வெண்கோல் ஊன்றி வருபவரைக் கண்டால் வழிப்போக்கர் ஒதுங்கி நிற்கின்றனர். சாலை கடக்கக் கை கொடுக்கின்றனர். பார்வையற்றவரை அடித்தால் பார்வை வரும் என்று எவரும் நம்புவதில்லை. எழுத்து கண்ணில் பட்டும் கருத்தில் பதியாத பிள்ளையை மட்டும் அடித்தால் படிப்பு வரும் என்று நம்புவது எந்த நியாயம்? வெளியே தெரியாத குறைக்குக் கோல் இல்லை. அதனால் பிரம்புக் கோலே அதற்கு வாய்த்தது.

இரண்டாம் மறுப்பு, “வல்லுநர் எம்மொழியினராயினும் என்ன? அறிவு எல்லார்க்கும் ஒன்றுதானே” என்பது. இதுவே மூன்றிலும் கேடானது. 1970-இல் கலிபோர்னியாவில் தொடுக்கப்பட்ட டயானா வழக்கு, ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு குறைந்தோர் வகுப்பில் தள்ளிய கொடுமையை அம்பலப்படுத்தியது. தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாடு அதன்பின் வந்தது. 1971-இல் பெர்னார்ட் கோர்ட் என்பவர், மேற்கிந்தியத் தீவுப் பிள்ளைகள் இங்கிலாந்தில் இவ்வாறே ஒதுக்கப்பட்டதை எழுதி அந்நாட்டைத் தலைகுனிய வைத்தார். ஆங்கே நடந்தது ஈங்கே நடவாது என்பதற்கு எவர் பிணை?

தமிழ் எழுத்தையே சான்றாகக் கொள்ளலாம். ‘பல்’ என்பதிலும் ‘அன்பு’ என்பதிலும் வருவது ஒரே பகர எழுத்து, ஒலி வேறு. மலாய் மொழிக்குரிய ரோமன் நெடுங்கணக்கிலோ அவ்விரு ஒலிகளுக்கும் இரண்டு எழுத்துகள் உள்ளன. தமிழ்ப்பள்ளி மாணவன் மலாயில் ஓரெழுத்தை மற்றோரெழுத்துக்கு மாற்றி எழுதினால் அது நோயா, தாய்மொழியின் நெறியா? ‘கெ’ என்பதில் கொம்பு இடப்பக்கம் நிற்கின்றது; அது குறிக்கும் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகின்றது. லகர, ளகர, ழகர வேறுபாடும், றகர, ரகர வேறுபாடும் பலருடைய பேச்சில் மறைந்து எழுத்தில் மட்டும் நிற்கின்றன. கிள்ளான் வட்டாரத்துப் பிள்ளை வீட்டில் ‘வந்துட்டாரு’ என்று கேட்டு, பாடநூலில் ‘வந்துவிட்டார்’ என்று படிக்கின்றது. இவற்றை அறியாதவர், நலமான பிள்ளைக்கு நோய்ப்பெயர் சூட்டுவார். நோயுள்ள பிள்ளையை, “தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான்” என்று விட்டுவிடுவார். இரண்டும் தீங்கே. வெஸ்லர் சோதனை போன்ற புகழ்பெற்ற அளவைகள் அமெரிக்கப் பிள்ளைகளை அளவுகோலாகக் கொண்டு தரப்படுத்தப்பட்டவை. பிறர் காலுக்குத் தைத்த செருப்பைப் போட்டுவிட்டு, பிள்ளைக்கு நடக்கத் தெரியவில்லை என்று சொல்லலாமா? தமிழுக்குரிய அளவைகளை ஆக்கவும், ஆக்கியவற்றைச் சரிபார்க்கவும் வல்லவர்கள் வேண்டும். முனைவர் நிலைப் பயிற்சி வேண்டுவது இதனாலேயே. சோதனைத் தாளை விரித்து வைக்கக் குறுகிய காலப் பயிற்சியே போதும்.

மூன்றாம் மறுப்பு, “பணத்துக்கு எங்கே போவது? இது அரசின் கடமையன்றோ?” என்பது. அரசின் கடமைதான். அதை உரத்துக் கேட்க வேண்டும்; விடாமல் கேட்க வேண்டும். ஆனால் பதவி உருவாகும் நாளில் அதில் அமரத் தமிழறிந்தவர் ஒருவரும் இல்லையெனில் கேட்டதன் பயன் என்ன? 1950-களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று முழங்கியபோது, தொழிலாளரும் சிறுகடைக்காரரும் வெள்ளி வெள்ளியாய்க் கொடுத்தனர். 1956-இல் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் தமிழ் நூற்செல்வம் அக்கொடையால் வளர்ந்தது. அன்று வறியவரால் இயன்றது, இன்று அடுக்குமாடியில் வாழ்பவரால் இயலாதா?

பணம் இல்லை என்பது உண்மையுமன்று. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளும் ஆசைக்குச் செலவாகும் பணத்தைக் கணக்கிட்டால் போதும். மதிப்புறு பட்டங்களை விலை கொடுத்து வாங்குவோர்க்கும் மாலை விழுகின்றது; பொன்னாடை விழுகின்றது. முறையாக ஆய்ந்து பட்டம் பெற்றவருள்ளும் பலருடைய ஆய்வேடு அலமாரியில் உறங்குகின்றது. எந்தப் பிள்ளையும் அதனால் ஓரெழுத்து கூடுதலாய்ப் படித்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய்க்கு இத்தனை பந்தி ஏன்?

வேண்டுவன பெரியன அல்ல. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் ஒன்றுகூடி, சிறந்த இளம் ஆசிரியர் சிலரைத் தேர்ந்து உளவியல் பயில அனுப்பலாம். பல்கலைக்கழகங்களிடம், பள்ளிப் பயிற்சியோடு கூடிய தொழில்முறை முனைவர் படிப்பைக் கேட்கலாம். அறக்கட்டளைகள் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் தரும் நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். குறைநீக்கல் ஆசிரியர்கள் இதுகாறும் கண்ட பிழைகளைத் தொகுத்து வைத்தாலே நாளைய ஆய்வாளருக்கு அது முதற்செல்வம்.

காலமும் நெருக்குகின்றது. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அத்தேர்வின் கொடுமை ஒழிந்தது நன்றே. ஆயினும் படிக்கத் தெரியாத பிள்ளையை அத்தேர்வு ஒருநாளேனும் ஊரறியக் காட்டியது. இன்று அப்பிள்ளை ஓசையின்றி இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்து, ஓசையின்றியே வெளியேறிவிட முடியும். அவ்வாறு வெளியேறியவன் எங்கே போகிறான் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். அவன் பெயரைச் செய்தித்தாளின் எந்தப் பக்கத்தில் தேட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவன் ஏழு வயதில் கேட்ட கேள்விக்கு ஒருவரேனும் விடை தேடியிருந்தால் என்பதே எஞ்சும் வருத்தம். அவ்வருத்தத்தைத் தீர்க்க வல்லாரை உருவாக்கும் வரையில், எப்பிள்ளையையும் மக்கு என்று சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை.