தானாகச் சரியாகிவிடும் என்னும் தவறு

ஏழு மாதமாகியும் கழுத்து நிற்காத குழந்தையைப் பார்த்து, ‘சில பிள்ளைகள் அப்படித்தான், அவன் அப்பனும் தாமதமாகத்தான் நடந்தான், போகப்போகச் சரியாகிவிடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றுவது தமிழ்நாட்டில் ஊறிப்போன வழக்கம். அதையே சில மருத்துவர்களும் சொல்லிவிடும்போது, அந்த ஆறுதல் மருத்துவ அறிவுரையின் மதிப்பைப் பெற்றுவிடுகிறது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு இந்தச் சொல் இழைக்கும் கேடு பெரிது; அதைப் பின்னாளில் எந்தச் சிகிச்சையாலும் முழுமையாக ஈடுசெய்ய முடிவதில்லை.

பெருமூளை வாதம் என்பது கருவிலோ பிரசவத்தின்போதோ பிறந்த சில காலத்திற்குள்ளோ, வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் அசைவும் உடல்நிலைக் கட்டுப்பாடும் குலைந்துபோகும் நிலை. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861ஆம் ஆண்டிலேயே கடினமான பிரசவத்துக்கும் குழந்தையின் தசை இறுக்கத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தார். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அதற்குமேல் பரவுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அதன் விளைவாகத் தசைகள் குறுகுவதும் மூட்டுகள் இறுகுவதும் எலும்புகள் கோணுவதும் குழந்தை வளர வளரக் கூடிக்கொண்டே போகும். ஆகவே, வளர்ச்சியே இந்நோயைத் தீர்க்கும் என்று நம்புவது நடப்பதற்கு நேர்மாறானது.

குடும்பத்தார் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று பழிப்பது நியாயமன்று. அவர்கள் கவனிக்கிறார்கள், கவனித்ததைப் படிக்கும் விதத்தில்தான் பிழை நேர்கிறது. தூக்கி நிறுத்தியதும் கால்களை விறைத்து நுனிவிரலில் ஊன்றும் குழந்தையைக் ‘கால் நல்ல பலம்’ என்று மெச்சுகிறார்கள். தொடைகள் கத்திரிபோல் பின்னிக்கொள்வதால் துணி மாற்றுவது கடினமாவதைப் பிடிவாதம் என்கிறார்கள். எட்டு மாதக் குழந்தை எதை நீட்டினாலும் இடக்கையாலேயே வாங்கி, வலக்கைக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருந்தால், அதை இடக்கைப் பழக்கம் என்று எண்ணி மகிழ்கிறார்கள். ஆனால் ஒரு வயதுக்கு முன்பே ஒரு கை மட்டும் முந்துவது, மற்றக் கையின் பலவீனத்தைக் காட்டும் எச்சரிக்கை.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மூளையின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. அசைவை ஆளும் நரம்புப் பாதைகள் முதல் இரண்டு ஆண்டுகளில் ஒன்றோடொன்று போட்டியிட்டே நிலைபெறுகின்றன. பயன்படும் பாதை வேரூன்ற, பயன்படாதது பின்வாங்கிவிடுகிறது. இயக்கத் திறனில் குழந்தை எட்டக்கூடியதில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஐந்து வயதுக்குள், பாதிப்பு கடுமையானால் அதற்கும் முன்பே, எட்டிவிடுகிறது என்று 2002இல் வெளியான வளர்ச்சி வரைகோட்டு ஆய்வு காட்டியது. மூன்று வயதுவரை காத்திருந்து பார்க்கும் குடும்பம், பயிற்சி மிகுதியாகப் பலிக்கும் பருவத்தின் பெரும்பகுதியை இழந்த பிறகே மருத்துவமனை வாசலுக்கு வருகிறது.

தாமதமாக நடந்த எத்தனையோ குழந்தைகள் நலமாக இருக்கிறார்களே என்ற வாதத்தில் உண்மை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டின்படி, தனித்து நடக்கத் தொடங்குவதற்கான இயல்பான எல்லை ஏறத்தாழ பதினேழரை மாதம் வரை நீள்கிறது. எனினும் வெறும் தாமதம் வேறு. இறுக்கமோ தளர்ச்சியோ ஒருபக்கச் சாய்வோ கலந்த தாமதம் வேறு. தேவையற்ற அச்சத்தால் பரிசோதிக்கப்பட்ட குழந்தை இழப்பது சில மாத விளையாட்டுப் பயிற்சிக்கான நேரத்தை மட்டுமே. தேவையிருந்தும் காத்திருக்க வைக்கப்பட்ட குழந்தை இழப்பது திரும்பக் கிடைக்காதது. நோய் உறுதியாகட்டும் என்றும் காத்திருக்க வேண்டியதில்லை: ‘பெருமூளை வாதத்துக்கான வாய்ப்பு அதிகம்’ என்ற இடைக்கால முடிவோடேயே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது, குறைமாதத்தைக் கழித்துக் கணக்கிடும் வயதில் ஆறு மாதத்துக்குள்ளேயே அதைக் கண்டறியும் முறைகளும் உள்ளன.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது குழந்தைக்கு இதமளிக்கலாம், அசைவைக் கற்பிக்காது. இயன்முறை மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும், அதாவது உண்ணவும் பிடிக்கவும் உடுத்தவும் பழக்குபவரும், குழந்தையைத் தாங்கி அமர்த்தி, கைக்குச் சற்று எட்டாத தூரத்தில் கிலுகிலுப்பையை வைத்துவிட்டு, கையைப் பிடித்து நகர்த்தாமல், அது தானே எட்டி எடுக்கும்வரை பொறுத்திருக்கிறார்கள். இந்த முயற்சிதான் மூளையை மாற்றுகிறது. இங்கே தேவைப்படும் பொறுமை இத்தகையது. பயிற்சி ஒருபுறமிருக்க, கண்காணிப்பும் இன்றியமையாதது: பெருமூளை வாதமுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது, தொடக்கத்தில் வலி இல்லாததால் எக்ஸ்ரே எடுத்தாலன்றித் தெரிவதில்லை. தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் முறையாகக் கண்காணித்ததால், மூட்டு முற்றிலும் கழன்றுவிடுவது அங்கே அரிதாகிவிட்டது.

காத்திருந்து ஏமாந்த குடும்பமே பிறகு ஸ்டெம் செல் ஊசி விற்பவரிடம் நகையை அடகுவைத்துப் போய் நிற்கிறது. பெருமூளை வாதத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையன்று என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. உதவி கிடைக்கும் இடங்களோ இருக்கின்றன: 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்டத் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்கள், முட்டுக்காட்டிலுள்ள பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், சென்னையின் வித்யாசாகர், ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம். பேருந்து மாறி மாறிக் குழந்தையைச் சுமந்துவரும் தாயின் கூலியிழப்பையும் களைப்பையும் அரசு கணக்கில் கொண்டு, பயிற்சியை ஊருக்கு அருகே கொண்டுவர வேண்டும். பிறந்ததும் அழாத குழந்தை, குறைமாதக் குழந்தை, கடும் மஞ்சள்காமாலைக்கு ஆளான குழந்தை ஆகியோரைப் பிறந்த குழந்தைகளுக்கான தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே மூன்றாம் மாத நரம்பியல் பரிசோதனைக்கான தேதியும் இடமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.