கணக்குப் பார்ப்பவன் வாசகன் இல்லையா?

கணினி விளையாட்டுகளைப் பற்றி இலக்கிய நண்பர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. கதையை ரசிப்பவன் நல்ல ஆட்டக்காரன். வலிமை 16, அறிவு 8 என்று பாத்திரத்தின் எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பவன் வெறும் கணக்குப்பிள்ளை. விளையாட்டைக் கலை என ஒப்புக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள்கூட இந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறானது. தமிழ் படித்தவர்கள் வாயிலிருந்து வரும்போது வெட்கக்கேடானதும்கூட என்பதே என் கட்சி.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சில விவரங்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு காகிதத்தையும் பகடையையும் கொண்டு ஆடப்பட்டது. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, அறிவு, விவேகம், உடலுரம், லாகவம், கவர்ச்சி என ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பின்னர் வந்த ஆர்பிஜி எனப்படும் கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை அந்தத் தாளின் வழிவந்தவையே. கிடைக்கும் புள்ளிகள் குறைவு, ஆசைகளோ ஏராளம். எதைக் கூட்டி எதை விட்டுக்கொடுப்பது என்று மணிக்கணக்கில் யோசிப்பதில் ஒரு சாராருக்குத் தீராத இன்பம். ஏளனத்துக்கு ஆளாவது இந்த இன்பம்தான்.

எண் கதைக்கு எதிரி என்பவர்கள் 1997இல் வெளிவந்த 'ஃபால்அவுட்' விளையாட்டைப் பார்க்க வேண்டும். அதில் ஏழு குணங்கள். ஒவ்வொன்றும் 5இல் தொடங்கும். மேற்கொண்டு பங்கிட்டுக்கொள்ள 5 புள்ளிகள் மட்டுமே. உடல்வலிமைக்கு ஆசைப்பட்டு அறிவை மிகவும் குறைத்துவிட்டால், நாயகனால் ஒழுங்காக ஒரு வாக்கியம்கூடப் பேசமுடியாது. அவன் உளறுகிறான்; எதிரே இருப்பவர்கள் அவனை அதற்கேற்ப நடத்துகிறார்கள். அதாவது, ஓர் எண் மாறியதும் உரையாடல் மாறுகிறது, உலகம் அவனைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. 2019இல் வந்த 'டிஸ்கோ எலீசியம்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் 24 திறன்களும் நாயகனின் மண்டைக்குள் தனித்தனிக் குரல்களாகப் பேசுகின்றன. எந்த எண்ணை உயர்த்துகிறோமோ அந்தக் குரல் ஓங்குகிறது, சமயத்தில் தவறான வழியும் காட்டுகிறது. அதை முன்நின்று எழுதிய ராபர்ட் குர்விட்ஸ் எஸ்டோனிய மொழியில் நாவல் எழுதியவர். எண் கதையைக் கெடுக்கும் என்று அந்த நாவலாசிரியர் அஞ்சவில்லை.

நாம் மட்டும் ஏன் அஞ்சுகிறோம்? கட்டளைக் கலித்துறையின் இலக்கணம் என்ன? நேரசையில் தொடங்கும் அடியில் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பாட்டு தவறு. 'அபிராமி அந்தாதி' அந்தக் கணக்குக்குள் நின்று பாடப்பட்ட நூல். அபிராமி பட்டரின் பக்தி எழுத்தெண்ணியதால் வற்றிவிட்டதாக எவரும் சொன்னதில்லை. வகுப்பில் யாப்பை வியந்துவிட்டு வெளியே வந்து எண்ணை இகழ்வது என்ன நியாயம்?

இந்த இகழ்ச்சி விளையாட்டோடு நிற்பதுமில்லை. மீனவரைப் பற்றி நாம் எழுதும் விதத்திலும் அது இருக்கிறது. நம் எழுத்தில் மீனவர் என்றால் உரமேறிய தோள், உப்புக்காற்று, இயற்கை தந்த உள்ளுணர்வு. கணக்கு அவருக்கு வேண்டாத சரக்கு. என்னிடம் படிக்கும் மாணவர்களில் பலர் பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். அங்கே தலைமுறைகளாக நடந்துவந்திருப்பது 'பாடு' என்ற முறை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நிறையக் கிடைக்கும் இடங்கள் சிலவே. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு உரிமை உள்ளவர்கள் குலுக்கலும் சுழற்சியுமாக அவற்றைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நல்ல இடமும் மோசமான இடமும் மாறி மாறி எல்லோருக்கும் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுக்கும். கையில் இருக்கும் வலையும் கூட வரும் ஆட்களும் இவ்வளவுதான். வாய்த்த இடத்தில் வாய்த்ததைக் கொண்டு அதிகம் பெறுவது எப்படி என்ற யோசனைதான் அங்கே வாழ்க்கை. உழைப்பு, துன்பம், பங்கு, முறை எல்லாவற்றையும் தமிழ் 'பாடு' என்ற ஒரே சொல்லில் அடக்கியிருப்பது சும்மா இல்லை.

அந்த ஊர்களிலிருந்து வரும் மாணவன் ஒருவன் செல்பேசியில் ஆர்பிஜி ஆடுகிறவன். ஆட்டத்தைத் தொடங்காமல் ஒரு மணிநேரமாக எண்களையே மாற்றிக்கொண்டிருக்கிறாயே என்று கேட்டேன். "அதுதான் சார் வெளையாட்டே" என்றான். குறைந்த முதலை வைத்துக்கொண்டு யோசிப்பதன் சுவை அவனுக்குத் தெரியும். அவனைக் கணக்குப்பிள்ளை என்று சிரிப்பவர், அவனுடைய அப்பாவின் அறிவையும் சேர்த்துத்தான் சிரிக்கிறார்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதமும் உண்டு. இன்று பெரும்பாலோர் தாமாகக் கணக்கிடுவதில்லை. மிகச்சிறந்த 'பில்ட்' எது என்று யாரோ எழுதிவைத்ததை அப்படியே நகலெடுக்கிறார்கள், எல்லா நாயகர்களும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் ஆகிவிடுகிறார்கள் என்பது அது. உண்மை. ஆனால், மூலத்தைப் புரட்டாமல் நோட்ஸை மட்டும் மனப்பாடம் செய்து தமிழ் எம்.ஏ. தேறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்காகச் சங்க இலக்கியத்தை யாரும் குறை சொல்வதில்லை. நகலெடுப்பது வேறு, கணக்கிடுவது வேறு.

எண்களை ஊன்றிப் படிப்பதால் வேறொன்றும் நடக்கிறது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 1978ஆம் ஆண்டுக் கையேட்டில், பெண் பாத்திரத்தின் வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு இருந்தது. அடுத்து வந்த 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நீக்கப்பட்டது. இன்ன இனத்தில் பிறந்தால் இன்ன குணம் கூடும் என்ற விதியும் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு, 2024 பதிப்பில் பிறந்த இனத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, பாத்திரத்தின் கடந்தகால வாழ்க்கையோடு இணைக்கப்பட்டது. கதையை மட்டும் ரசித்தவர்கள் கண்ணில் இது படாமலே போயிருக்கலாம். அட்டவணையை வரிவரியாகப் படித்தவர்கள்தான், இந்த உலகம் யாருக்குச் சாதகமாக அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கமுடியும்.

பழவேற்காட்டிலும் அதே கேள்வி உண்டு. பாடு நியாயமான பங்கீடுதான், பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அந்தப் பட்டியலில் இடமிருந்ததில்லை. ஏரியின் அழகை எழுதும் கவிதைகளில் இந்தச் செய்தி கிடைக்காது. பட்டியலைப் படித்தால் கிடைக்கும். எண்ணைத் தீண்டாத ரசனையே உயர்ந்த ரசனை என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்வரை, பங்கு பிரிப்பவர்கள் நம் வாசிப்பைக் கண்டு பயப்படப் போவதில்லை.