அந்த வீடு யாருடையது?

ஆவரங்காலைத் தாண்டிப் பருத்தித்துறைப் பாதை வல்லை வெளிக்குள் இறங்கியதும் வீடு, மரம், விளக்கு எல்லாம் பின்னால் போய்விடும். தொண்டைமானாற்று நீரேரியின் உப்புக்காற்று மட்டும் கூட வரும். தட்டிவான் ஓடிய காலத்திலிருந்தே அந்த வெளிக்குக் கதைகள் உண்டு. வெள்ளைச் சேலை உடுத்து வழிமறிக்கும் பெண், ஆளில்லாமலே பாரம் ஏறும் மாட்டுவண்டி, தூரத்தில் எரிந்தெரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பேய். வல்லை முனியப்பருக்குக் காசு போட்டுவிட்டு அப்பால் போகும் சாரதிகளை இன்றும் காணலாம். அந்தக் கதைகளைச் சொன்னவர்கள் பேயைத் தேடிப் போனவர்கள் அல்லர். வழிப்பறிக்குப் பேர்போன வெளியைத் தனியே கடக்க வேண்டாம், பொழுதுபட முன்னம் வீடு வந்து சேர் என்பதையே அப்படிச் சொன்னார்கள்.

இப்போது போக்கு மாறியிருக்கிறது. மோட்டார் சைக்கிளும் கைத்தொலைபேசியும் கையில் உள்ள இளந்தாரிகள் பேயைத் தேடிப் போகிறார்கள். கூரையில்லாத வீடு, பற்றை மூடிய வளவு, இருட்டில் ஆடும் ரோர்ச் வெளிச்சம், பின்னணியில் பயமுறுத்தும் இசை. காணொளியின் தலைப்பில் ஊரின் பெயர் இருக்கும். வீட்டுக்காரரின் பெயர் இராது. வெளிநாடுகளிலிருந்து விடுமுறையில் வரும் எம் பிள்ளைகள் சிலரும் இதில் சேர்ந்துகொள்கிறார்கள்.

உலகத்துக்கு இது புதிதல்ல. பேய்க் கதைகளை ஆராயும் சங்கம் ஒன்று இலண்டனில் 1862இலேயே தொடங்கப்பட்டது. 1882இல் அறிஞர்கள் கூடி ஆவியுலக ஆய்வுக்கழகம் அமைத்தார்கள். தொலைக்காட்சி வந்தபின் அது வீட்டுக்கு வீடு பொழுதுபோக்காயிற்று. இந்தியாவில் இராஜஸ்தானின் பாங்கர் கோட்டைக்குச் சூரியன் மறைந்தபின் போகக்கூடாது என்று தொல்லியல் துறை போட்ட பலகையே அந்தக் கோட்டைக்கு விளம்பரமாகிவிட்டது. பேய் தேடுபவர்கள் கொண்டுபோகும் மின்காந்த அளவி மின்கம்பிக்கும் கைத்தொலைபேசிக்கும் ஒன்றுபோலவே துடிக்கும். புலன்களும் ஏமாறும். தன் ஆய்வுகூடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்ட விக் டாண்டி என்ற பிரித்தானியப் பொறியியலாளர், அதற்குக் காரணம் ஒரு மின்விசிறி எழுப்பிய, செவிக்கு எட்டாத, வினாடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வு கொண்ட ஒலி என்று 1998இல் எழுதினார். யாழ்ப்பாணத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. காவோலை ஒன்று பனையில் உரசும் சத்தத்தையும், ஓட்டுக்கூரையில் மரநாய் ஓடும் சத்தத்தையும் தனியே கேட்டவருக்கு நெஞ்சு படபடப்பது இயல்பு.

பேயைத் தேடிப் போவதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. எங்கள் மண்ணிலேயே அதற்கு ஒரு நல்ல முன்னோடி இருந்தார். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்த ஆபிரகாம் கோவூர், 1928இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர். பின்னர் கொழும்புக்குப் போய், 1959இல் தர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்து, அற்புத சக்தியை மோசடிக்கு இடமில்லாமல் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. பேய் உலாவுவதாகச் சொன்ன வீடுகளில் இரவு தங்கினார், மயானங்களுக்குப் போனார். அவர் ஆராய்ந்த சம்பவம் ஒன்று மலையாளத்திலும், 1973இல் ‘மறுபிறவி’ என்று தமிழிலும் திரைப்படமாயிற்று.

அவருடைய துணிச்சலைப் பலரும் பேசுவார்கள். அவர் வேலை செய்த முறையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வீட்டுக்குக் கல் விழுகிறது, உடுப்பு தானாக எரிகிறது, சோற்றில் மண் கிடக்கிறது என்று ஆள் அனுப்புவார்கள். கோவூர் போய் முதலில் வீட்டில் இருப்பவர்களோடு பேசுவார். ஒவ்வொருவரையும் தனித்தனியே இருத்தி விசாரிப்பார். அநேகமாக அந்தப் பேய்க்குப் பின்னால், சொல்ல வழியில்லாத துயரத்தோடு வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் இருக்கும். பெரும்பாலும் இளம் வயது. கண்டுபிடித்ததும் அந்த ஆளைச் சந்தியில் நிறுத்தாமல், அறிதுயில் முறையில் மனதைத் தேற்ற முயல்வார். கல் எறிந்த கையைவிட அதை எறிய வைத்த காரணத்தையே அவர் தேடினார். இன்றைய படப்பிடிப்புக்காரரிடம் எனக்குள்ள குறை இதுதான்: உள்ளே போகிறார்கள், ஒருவரையும் விசாரிக்காமல் வெளியே வருகிறார்கள்.

விசாரித்தால் என்ன தெரியவரும்? வலிகாமம் வடக்கை எடுங்கள். 1990 ஜூனில் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, தையிட்டி, வயாவிளான் என்று ஊர் ஊராகச் சனம் எழும்பிப் போனது. ஒரு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்து, கோழிக்குத் தீனி போட்டுவிட்டுப் படலையைச் சாத்தியவர்கள் இருக்கிறார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் இயந்திரங்களும் அந்த ஆண்டோடு நின்றன. போர் முடிந்தபின், படையினர் பிடியிலிருந்த காணிகள் துண்டு துண்டாக விடுபட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில், 27 ஆண்டுகளுக்குப் பிறகே மக்களிடம் வந்தது. திரும்பி வந்தவர் பலருக்குத் தங்கள் வளவைக் கிணற்றை வைத்தே அடையாளம் காண வேண்டியிருந்தது. நிலை கழற்றப்பட்டு, ஓடு போய், சுவர் மட்டும் நிற்கும் வீடுகள் பல இன்னும் அப்படியே கிடக்கின்றன. அவற்றுக்குக் காணி உறுதி உண்டு. உறுதியில் பெயர் உண்டு. அந்தப் பெயருக்குரியவர் ரொறன்ரோவிலோ சென்னையிலோ சுன்னாகத்திலோ இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். தான் பிறந்த அறையைப் பேய் குடியிருக்கும் அறையென்று தன் பேரப்பிள்ளையின் தொலைபேசியில் அவர் பார்க்க நேர்ந்தால் மனம் என்ன பாடுபடும்?

அந்த வளவுகளில் உண்மையாகவே ஆபத்து இருக்கிறது. கட்டு உடைந்த ஆழக்கிணறுகளைப் பற்றை மூடியிருக்கும். கண்ணிவெடி அகற்றியதாகச் சான்று கொடுக்காத நிலத்துக்குள் இரவில் கால் வைப்பது வீரமல்ல.

யாழ்ப்பாண நகரிலேயே வேறு வீடுகள் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகத்தெரு முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். கையில் கொண்டுபோகக்கூடியதைக் கொண்டு அவர்கள் புத்தளம்வரை போனார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் பல ஆண்டுக்கணக்காகச் சிதைந்து கிடந்தன. அங்கே யாரும் ஆவியைத் தேட வேண்டியதில்லை. அந்த வீடுகள் வெறுமையானது எங்கள் பெயரால். இதைச் சொல்லாமல் மயிலிட்டி வீட்டுக்காக மட்டும் நான் கண்ணீர் விட்டால் அது நேர்மையாகாது.

பேய்க்கதையை யார் சொல்கிறார்கள், அதனால் யாருக்கு வசதி என்று கேட்கவேண்டிய நேரமும் எங்களுக்கு வந்தது. 2011 ஓகஸ்டில் ‘கிறீஸ் பூதம்’ என்ற பீதி மலையகத்திலும் கிழக்கிலும் பரவி வடக்குக்கும் வந்தது. பெண்கள் தாக்கப்பட்டார்கள். நாவாந்துறையில் மர்ம மனிதர்களை விரட்டிய மக்கள், அவர்கள் படைமுகாமுக்குள் ஓடி மறைந்ததாகச் சொன்னார்கள். அன்றிரவே படையினர் வீடுகளுக்குள் புகுந்து ஆண்களை அடித்து இழுத்துப் போனார்கள். ஏறத்தாழ நூறு பேர் கைதானார்கள். பாதிக்கப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்தார்கள். வீதியில் நின்ற சனத்துக்குத் தாங்கள் விரட்டியது மனிதரை என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. பூதம் என்ற பெயர் நிலைத்தபோது, பொறுப்புச் சொல்ல வேண்டியவர்களுக்கு ஒளிய இடம் கிடைத்தது.

எங்கள் ஊரில் இறந்தவருக்கும் இருப்பவருக்கும் இடையே ஒரு முறையான தொடர்பு உண்டு. செத்தவீடு முடிந்து எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆண்டுத் திவசம். தகப்பனுக்கு ஆடி அமாவாசையில் கீரிமலைத் தீர்த்தம்; தாய்க்குச் சித்திராப் பௌர்ணமி. இந்தக் கடன் தீராதவர், ஆயுசுக்கு முந்திப் போனவர், அலைவார் என்பது ஊர் நம்பிக்கை. அதை நம்பாதவரும் அதிலுள்ள நியாயத்தை உணரலாம். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கோ இந்தக் கிரியைகளில் ஒன்றுகூடச் செய்ய முடியாது. திவசம் கொடுத்தால் பிள்ளை செத்தான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகும். கொடுக்காவிட்டால் நெஞ்சு ஆறாது. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், இப்படி முடிவு காணாத இழப்புகள் குடும்பங்களையும் ஊர்களையும் உள்ளே எப்படி உடைக்கின்றன என்று விரிவாக எழுதியிருக்கிறார். மட்டக்களப்பில் அம்மன் கோவில்களில் உருவந்து வாக்குச் சொல்லும் பெண்களிடம் தாய்மார் மகனைப் பற்றிக் கேட்டு நின்றதை 1990களில் மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் பதிவு செய்தார். நீதிமன்றமும் பொலிஸ் நிலையமும் பதில் சொல்லாத கேள்வியை அவர்கள் அம்மனிடம் கொண்டுபோனார்கள்.

இப்போது செம்மணிக்கு வருவோம். யாழ்ப்பாண நகரின் வாசலில் உள்ள அந்த உப்பு வெளிக்கும் பழைய பேய்க்கதைகள் உண்டு. 1998 ஜூலையில், பாடசாலை மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவக் கோப்ரல் ஒருவர், அங்கே 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு தோண்டியபோது 15 உடல்கள் எடுக்கப்பட்டன. பிறகு கால் நூற்றாண்டு அகழ்வு எதுவும் நடக்கவில்லை. 2025 பெப்ரவரியில், அப்பகுதியிலுள்ள சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடைக்கு நிலம் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் செப்டெம்பர் வரை நடந்த அகழ்வில் 240 வரையான எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் சிறு பிள்ளைகளுடையவையும் இருந்தன. பாடசாலைப் பை, பால் போத்தல், பொம்மை, வளையல், செருப்பு ஆகியவையும் கிடைத்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி அந்தப் பொருட்களை மக்கள் பார்த்து அடையாளம் காட்டுவதற்காக வைத்தார்கள். இருபது, முப்பது ஆண்டுகளாகத் தேடும் தாய்மார் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

அந்த மண்ணில் ஆவியைத் தேடுவது என்ன வேலை? அங்கே தேடப்படுவது ஆட்கள். பெயர், வயது, பிடித்துக்கொண்டு போன திகதி, போனபோது உடுத்திருந்த உடுப்பின் நிறம் எல்லாம் தாய்மாருக்குத் தெரியும். நள்ளிரவு இசையோடு அந்த இடத்தைப் படம்பிடித்தால், கொலை நடந்த இடம் பேய் நடமாடும் இடமாகிவிடும். விசாரணை நடக்கவேண்டிய மண் பொழுதுபோக்குக்குரிய மண்ணாகிவிடும். கொன்றவர்களுக்கு இதைவிட உதவி வேறு வேண்டாம்.

சுற்றுலாவால் ஊருக்கு வருமானம் வருமே என்பார்கள். ஊர்காவற்றுறைக்கு அருகே கடலுக்குள் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை, 1971 கிளர்ச்சிக் கைதிகளை அடைத்து வைத்த சிறை. இன்று கடற்படை நடத்தும் விடுதி. அங்கு தங்குபவர் கடலையும் சுவரையும் பார்க்கலாம். அங்கே அடைபட்டவரின் கதை தெரியாமலே திரும்பலாம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியையும் பேய் நகரம் என்றே விளம்பரம் செய்கிறார்கள். இடிந்த தேவாலயத்தின் பக்கத்திலேயே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. வருமானம் வரட்டும். வரலாற்றை மறைத்து வரவேண்டியதில்லை.

இந்த இளந்தாரிகளிடம் ஊக்கமும் கருவியும் நேரமும் இருக்கின்றன. அவற்றை வீணென்று சொல்ல எனக்கு மனமில்லை. பகலில் போகட்டும். கிராம சேவையாளரிடமும் பக்கத்து வளவுக்காரரிடமும் கேட்டு, வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்து அனுமதி பெறட்டும். “ஐயா, இந்த வீட்டை ஆர் கட்டினது? எப்ப விட்டிட்டுப் போனீங்கள்? கிணத்தடியில என்ன மரம் நிண்டது?” என்று கேட்டு, சொல்வதை முழுதாகப் பதிவு செய்யட்டும். முனி கதையையும் மோகினி கதையையும்கூடச் சொன்னவரின் பெயரோடு பதிவு செய்யட்டும்; அவையும் ஊரின் செல்வம். 2005 முதல் எங்கள் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் அந்தப் பதிவுகளைக் கொடுக்கலாம். சித்துப்பாத்தியில் மட்டும் கமராவை அணைத்துவிட வேண்டும். அங்கே நீதிமன்றம் அனுமதித்தவர்களுக்கும் உறவுகளுக்குமே இடம்.

1990இல் முப்பது வயதோடு மயிலிட்டியை விட்டுப் போனவருக்கு இன்று அறுபத்தைந்து கடந்துவிட்டது. அவருடைய தகப்பன் கட்டிய வீட்டைப் பற்றி அவர் சொல்லாவிட்டால் வேறு ஒருவராலும் சொல்ல முடியாது. வருகிற பாடசாலை விடுமுறையிலேயே கேட்கத் தொடங்கலாம்.